கட்டடம் கடைசியில் வரட்டும்



சில மாதங்களாக வரும் கடிதங்களில் ஒரே கேள்வி வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டிருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். நாகஸ்வரக் குடும்பத்துப் பேரன் ஒருவர் எழுதியிருக்கிறார். கடல் கடந்து வேலை பார்க்கிறவர்கள், சொந்த ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று எழுதுகிறார்கள். “எங்கள் ஊரில் ஓர் இசை அருங்காட்சியகம் வைக்க ஆசைப்படுகிறோம். லாப நோக்கம் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?”

பாதிக் கடிதங்களோடு கட்டட வரைபடமும் வந்திருக்கிறது. முகப்பில் வீணை வடிவத்தில் வளைவு, உள்ளே இரண்டு மாடி, வெளியே கார் நிறுத்த இடம். உள்ளே என்ன இருக்கும், யார் வருவார்கள், யார் சம்பளம் கொடுப்பார்கள் என்பதற்கு மட்டும் அரைப் பக்கம். இந்தக் கடிதங்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. நான் படித்தறிந்த இசை அருங்காட்சியகக் கதைகளில் நம் வாசகர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது அதுதான்.

டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது மெம்பிஸ். அங்கே ஜிம் ஸ்டூவர்ட் என்ற வங்கி ஊழியர் 1957இல் சாட்டிலைட் என்ற பெயரில் சின்னதாக ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். பகலில் வங்கி, மாலையில் ஃபிடில் என்று வாழ்ந்தவர். அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் தன் வீட்டை அடமானம் வைத்து ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணம் கொடுத்தார். 1960இல் மெக்லமோர் அவென்யூவில் மூடிக் கிடந்த கேபிடல் தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு ஸ்டுடியோ ஆக்கினார்கள். சினிமா பார்ப்பதற்காகச் சரிவாகப் போட்ட தரையைச் சமப்படுத்தக் கையில் காசில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தச் சரிவான அறையில் எழுந்த ஒலிக்கே ஒரு தனிக் குணம் வந்துவிட்டது என்று பிற்பாடு பேசப்பட்டது. மறுவருடம் இருவர் குடும்பப் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து ‘ஸ்டாக்ஸ்’ என்று பெயர் மாற்றினார்கள்.

தியேட்டரில் தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் ஓர் இசைத்தட்டுக் கடை வைத்தார். அந்தப் பேட்டைப் பிள்ளைகள் அங்கே வந்து நிற்பார்கள். புதிதாகப் பதிவான பாட்டை அவர்களுக்குப் போட்டுக் காட்டி, யார் காலைத் தட்டுகிறார்கள் என்று பார்ப்பார். எதிரே மளிகைக் கடையில் வேலை பார்த்த டேவிட் போர்ட்டர் அந்தப் பக்கம் வந்து பாட்டெழுதத் தொடங்கினார். புக்கர் டி. ஜோன்ஸ் பள்ளி மாணவராக உள்ளே நுழைந்தவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட முடியாத ஊரில், இரண்டு கறுப்பரும் இரண்டு வெள்ளையரும் சேர்ந்த வாத்தியக் குழு அந்த ஸ்டுடியோவின் ஆஸ்தான குழுவாக இருந்தது. ஓடிஸ் ரெட்டிங், கார்லா தாமஸ், சாம் அண்ட் டேவ், ஐசக் ஹேய்ஸ் என்று வரிசையாக வந்தார்கள். ‘சோல்’ என்று உலகம் சொல்லும் இசையின் ஒரு பெரும் பகுதி அந்தத் தெருவில் விளைந்தது.

பிறகு விழுந்தது. 1967 டிசம்பர் 10ஆம் தேதி விமான விபத்தில் ஓடிஸ் ரெட்டிங் இறந்தார். அவருக்கு வயது 26. மறுவருடம், விநியோகம் செய்துவந்த அட்லான்டிக் நிறுவனத்தோடு உறவு முறிந்தபோது, ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பிரிவினால் அதுவரை பதிவான பாடல்களின் மூல நாடாக்கள் அட்லான்டிக்குக்கே போய்விட்டது தெரிந்தது. அதே 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் அதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தங்கியிருந்த லொரேன் மோட்டல், ஸ்டாக்ஸ் இசைக்காரர்கள் உட்கார்ந்து பாட்டுக் கட்டும் இடமாகவும் இருந்தது. நிறுவனம் எழுந்து நின்று இன்னும் சில ஆண்டுகள் ஓடியது. 1975 கடைசியில் திவாலாகிக் கதவு மூடியது. கட்டடம் 1981இல் 10 டாலருக்கு ஒரு தேவாலயத்தின் கைக்கு வந்தது. 1989இல் இடித்தார்கள். புல் முளைத்த வெறும் மனை மிஞ்சியது. உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ரசிகர்கள் வந்து அந்த மனையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

டெட்ராய்ட் நகரத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1972இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தபோது, நிறுவனர் பெரி கோர்டியின் அக்கா எஸ்தர் கோர்டி எட்வர்ட்ஸ் ஊரைவிட்டு அசையவில்லை. பழைய வீட்டையும் ஸ்டுடியோவையும் சாமான்களையும் அப்படியே வைத்திருந்தார். ஆட்கள் வந்து கதவைத் தட்டினால் சுற்றிக் காட்டுவார். 1985இல் அதுவே அருங்காட்சியகம் ஆனது. ஓர் அக்காவின் பிடிவாதம் போதுமாக இருந்தது. மெம்பிஸில் பிடிவாதம் பிடிக்கப் பொருளே இல்லை. கட்டடம் இல்லை, மூல நாடாக்களில் பெரும்பகுதி வேறொருவர் கையில். சுற்றியிருந்த பேட்டையும் வறுமையில் கிடந்தது.

அந்த வெறும் மனையில்தான் 1990களின் இறுதியில் சிலர் லாப நோக்கற்ற ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்குத் தலைமை ஏற்றவர் டீனி பார்க்கர். பாடகியாகும் ஆசையில் ஸ்டாக்ஸுக்கு வந்து, எஸ்டெலின் கடையில் விற்பனைப் பெண்ணாக நின்று, பிறகு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவை நடத்தியவர். பெரிய பாடகர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஸ்டாக்ஸில் பாடிய ஒவ்வொருவரின் வீட்டுக்கும் வழி தெரிந்தவர், எந்தக் குடும்பத்தின் அலமாரியில் என்ன இருக்கும் என்று அறிந்தவர். இவர் கேட்டால் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. அருங்காட்சியகத் திட்டத்துக்கு யாரைத் தலைவராக்குவது என்று கேட்கும் வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். நம் வழக்கம் வேறு. பெரிய வித்வானைக் கௌரவத் தலைவர் ஆக்குவோம், ஓய்வுபெற்ற அதிகாரியைப் புரவலர் ஆக்குவோம், ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேரைத் துணைத்தலைவர்கள் ஆக்குவோம். லெட்டர்பேடில் இடது ஓரம் முழுக்கப் பெயர்கள் இருக்கும். கடிதத்துக்குப் பதில் எழுத ஆள் இருக்காது.

டீனி பார்க்கரும் கூட்டாளிகளும் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் வேலையை அடுக்கிய வரிசை. அருங்காட்சியகம் 2003 மே மாதம் திறந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 2000ஆம் ஆண்டில், பேட்டைப் பிள்ளைகளுக்கான இசைப் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கிவிட்டார்கள். சொந்தக் கட்டடம் அப்போது கிடையாது, ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கி நடத்தினார்கள். 2005இல் முழு நேரப் பள்ளியும் வந்தது. அந்தப் பள்ளியில் படித்து முடித்தவர்கள் எல்லோருக்கும் கல்லூரியில் இடம் கிடைக்கிறது என்பது அவர்கள் பெருமையோடு சொல்லும் செய்தி.

இந்த வரிசை ஏன் புத்திசாலித்தனம் என்று யோசித்துப் பாருங்கள். வறுமைப்பட்ட பேட்டையில் பல கோடி செலவில் பளபளவென்று ஒரு கட்டடம் எழுந்தால், பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி “இதனால் எனக்கென்ன?” என்பதுதான். நியாயமான கேள்வி. தன் பிள்ளை அங்கே டிரம்பெட் கற்றுக்கொள்கிறான் என்றால் அந்தக் கேள்வியே எழாது. நன்கொடையாளரும் அப்படித்தான். இறந்துபோன பாடகரின் கோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் பணம் கேட்டால் யோசிப்பார். பிள்ளைகள் வாசிப்பதை ஒரு மாலை உட்கார்ந்து கேட்டவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். இதைத் தந்திரம் என்று சொல்லவேண்டாம். ஸ்டாக்ஸ் என்பதே அந்தத் தெருப் பிள்ளைகள் கடைக்குள் வந்து பாட்டுக்காரர்கள் ஆன கதை. அந்தக் கதையைக் காட்டவந்தவர்கள் பிள்ளைகளை வெளியே நிறுத்தியிருந்தால்தான் விநோதம்.

கட்டடத்தையும் அவர்கள் யோசித்துத்தான் கட்டினார்கள். அதே மனையில், அதே தியேட்டர் முகப்பு. ஸ்டுடியோ அறையைச் சரிவான தரையோடு மறுபடி எழுப்பினார்கள். ‘இது அசல் இல்லையே’ என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. பழையதை இடித்துவிட்டார்கள், நாங்கள் மறுபடி கட்டினோம் என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். உள்ளே போனதும் பார்வையாளர் எதிர்கொள்வது ஒரு சிறிய மரத் தேவாலயம். மிசிசிப்பிக் கிராமம் ஒன்றில் நூறு வருடத்துக்கு முன் எழுந்த அந்தக் கோவிலைப் பிரித்து எடுத்துவந்து அருங்காட்சியகத்துக்குள் கோத்திருக்கிறார்கள். சோல் இசை எங்கிருந்து வந்தது என்று சுவரில் பத்து பத்தி எழுதி ஒட்டுவதற்குப் பதிலாக, அந்த மரப்பலகைகளுக்கு நடுவே பார்வையாளரை நிற்கவைத்து விடுகிறார்கள். கடைசிப் பக்கம் ஐசக் ஹேய்ஸின் தங்க வேலைப்பாடு செய்த கடிலாக் கார். கூட்டம் அதைத்தான் அதிகம் படமெடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் அருங்காட்சியகத்தின் அறிவு அந்தத் தேவாலயத்தில் இருக்கிறது.

ஸ்டாக்ஸின் பாடல்களை எழுதியவர்கள் அந்தக் காலத்தில் தாங்களே மெட்டுப்போட்டுப் பாடிவைத்த மாதிரிப் பதிவுகளின் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. அதற்கு எழுதிய குறிப்புரைக்காக டீனி பார்க்கருக்கு, ராபர்ட் கோர்டன் என்பவரோடு சேர்த்து, 2024இல் கிராமி விருது கிடைத்தது. விருதைச் சொல்வது விருதுக்காக அல்ல. வெறும் முயற்சிப் பதிவு என்று எல்லோரும் தூக்கிப் போடும் நாடாக்களில் எவ்வளவு இருந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, பணக்காரக் கதை ஒன்று. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் 2010 ஏப்ரலில் திறந்த இசைக்கருவி அருங்காட்சியகத்துக்கு ஆன செலவு சுமார் 25 கோடி டாலர். டார்கெட் என்ற பெரிய அங்காடி நிறுவனத்தின் தலைவராக இருந்த ராபர்ட் உல்ரிச் தொடங்கியது. இதுவும் லாப நோக்கற்ற அமைப்புதான். சுமார் 200 நாடுகளின் கருவிகள் இருக்கின்றன. பார்வையாளர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு காட்சியின் அருகே போனால், அந்தக் கருவியின் ஓசை தானாகவே காதில் விழும், திரையில் அதை வாசிப்பவர் தெரிவார். இசை அருங்காட்சியகங்களின் தீராத தலைவலியான மௌனத்துக்கு இவ்வளவு நல்ல மருந்தை வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பேன். குழந்தைகள் எடுத்து வாசித்துப் பார்க்கத் தனி அறை உண்டு. பழுது பார்க்கும் கூடத்தைக் கண்ணாடி வழியே பார்க்கலாம்.

உல்ரிச்சுக்கு இந்த யோசனை வந்தது பிரஸ்ஸல்ஸில் உள்ள இசைக்கருவி அருங்காட்சியகத்தைப் பார்த்த பிறகு. அந்த பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தின் வேரில் கல்கத்தா இருக்கிறது. வங்காளத்து இசையறிஞர் ராஜா சௌரீந்திர மோகன் தாகூர் 1876இல் பெல்ஜிய மன்னருக்குச் சுமார் நூறு இந்திய இசைக்கருவிகளை அன்பளிப்பாக அனுப்பினார். ஏற்கெனவே அரசு வாங்கிவைத்திருந்த ஒரு சேகரிப்போடு இது சேர, மறுவருடம் அருங்காட்சியகம் பிறந்தது. அதன் முதல் காப்பாளர் மஹியோன், கருவிகளை நான்கு வகையாகப் பிரித்தார். நரம்பு, துளை, தோல், கஞ்சம் என்று நம் மரபு பிரிப்பதோடு அது பெருமளவு ஒத்துப்போகும். இந்திய இசைநூல்களின் பிரிவைத் தெரிந்துகொண்டே அவர் அப்படிச் செய்தார் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பின்னால் ஹார்ன்போஸ்டல், ஸாக்ஸ் என்ற இருவர் 1914இல் அதை விரித்து எழுதினார்கள். இன்று உலகமெங்கும் அருங்காட்சியகங்கள் கருவிகளை அடுக்குவது அந்த முறையில்தான். யாரோ ஒருவர் ஒழுங்காகப் பெட்டிகட்டி, பட்டியல் எழுதி அனுப்பிய நூறு கருவிகள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன, பாருங்கள்.

நமக்கு உல்ரிச் கிடைக்கமாட்டார். பெங்களூரு ஜே.பி. நகரில் 2019இல் திறந்த இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் அருங்காட்சியகத்துக்கு பிரிகேட் என்ற கட்டுமான நிறுவனம் பின்னால் நின்றது. ஊடாடும் காட்சிகளும், தட்டினால் ஒலிக்கும் கல்லும் உலோகமும் வைத்த தோட்டமும், இசை கற்றுத்தரும் பிரிவும் அங்கே இருக்கின்றன. விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளோடு ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்து நம் ஊரில் அதேபோல் வேண்டும் என்று கிளம்புவது வீண். பின்னால் நிறுவனம் இல்லாதவர்களுக்குப் பாதை நீளம். நாஷ்வில் நகரத்தில் ஆப்பிரிக்க அமெரிக்க இசைக்கான தேசிய அருங்காட்சியகம் பற்றி முதலில் பேசியது 1998இல். திறந்தது 2021 ஜனவரியில். இடையில் பொருளாதாரச் சரிவு வந்தது, இடம் மாறியது. தொடக்கத்தில் இசை, ஓவியம், பண்பாடு எல்லாம் சேர்ந்த ஒன்றாக இருந்த திட்டத்தை இசைக்கு மட்டும் என்று சுருக்கிய பிறகுதான் அது உருவம் பெற்றது. எல்லாவற்றையும் காட்டுவோம் என்று எழுதியிருக்கும் வாசகர்கள் அந்தச் சுருக்கத்தைக் கவனிக்கவேண்டும். ஒரு மாவட்டத்தின் நாகஸ்வர மரபு, ஒரு ஊரின் நாடகப் பாட்டு, ஒரு தோட்டத் தொழிலாளர் சமூகத்தின் பறையும் பாட்டும் என்று ஒன்றைப் பிடித்தால் இரண்டு அறை போதும். ‘தமிழிசை வரலாறு முழுவதும்’ என்றால் இருபது அறை இருந்தாலும் ஒட்டுப்போட்ட படங்கள்தான் மிஞ்சும்.

சட்ட வேலைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அது அவ்வளவு கடினம் இல்லை, அலைச்சல் மட்டும் உண்டு. அறக்கட்டளையாகப் பதியலாம், 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாகப் பதியலாம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் லாப நோக்கற்ற கம்பெனியாகவும் பதியலாம். சிறு முயற்சிக்கு அறக்கட்டளை போதும். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க வருமான வரித் துறையில் தனியாகப் பதியவேண்டும். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் பணத்தைக் கலை, பண்பாட்டுப் பாதுகாப்புக்குச் செலவிடச் சட்டம் இடம் தருகிறது. வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கு உள்துறை அமைச்சகத்தின் அனுமதி தேவை. துபாயில் இருக்கும் நண்பர் ஆர்வத்தில் எதையாவது அனுப்பிவிடுவதற்கு முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

பணக் கணக்கில்தான் பெரும்பாலான திட்டங்கள் கவிழ்கின்றன. திறப்பு விழா வரைக்கும் கணக்குப் போடுகிறார்கள். கல்யாணச் செலவுக்குச் சேர்த்து வைத்துவிட்டு, குடித்தனச் செலவை யோசிக்காத வீடு மாதிரி. காவலாளி சம்பளம், கரண்ட் பில், கூரை ஒழுகினால் ரிப்பேர், வருடாவருடம் ஆடிட் கட்டணம் எல்லாம் திறந்த மறுநாளிலிருந்து தொடங்கும், நிற்கவே நிற்காது. டிக்கெட் பணம் இதற்கு ஒருநாளும் போதாது. உலகத்தில் அநேகமாக எந்த அருங்காட்சியகத்துக்கும் போதுவதில்லை. ஐந்து வருட நடப்புச் செலவுக்கு வழி தெரியாமல் அடிக்கல் நாட்டாதீர்கள். இன்னொன்று: முழு நேரமாக ஒருவருக்காவது நல்ல சம்பளம் கொடுங்கள். எல்லாரும் தொண்டாகச் செய்வோம் என்ற உற்சாகம் முதல் வருடம் வரும், இரண்டாம் வருடம் வீட்டில் கல்யாணம், பேரப்பிள்ளை, முழங்கால் வலி என்று ஒவ்வொருவராக விலகுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

பொருள் வரத் தொடங்கினால் வந்துகொண்டே இருக்கும். தாத்தாவின் மிருதங்கத்தை வீட்டில் வைக்க இடமில்லாதவர்கள் எல்லாரும் உங்களைத் தேடி வருவார்கள். வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள்வது காப்பாளரின் முதல் பாடம். வாங்கியதை வாங்கிய அன்றே பதிவேட்டில் ஏற்றவேண்டும். ஓர் எண், யார் கொடுத்தார், எந்த ஊர், யார் வாசித்தது, யார் செய்தது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது. கொடுப்பது தானமா, இரவலா என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அண்ணன் கொடுத்ததைத் தம்பி வந்து கேட்பது அருங்காட்சியகங்களில் அன்றாடம் நடப்பது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் உங்களுக்கும் சங்கடம், குடும்பத்துக்கும் சங்கடம்.

பலாமரத்து வீணையும் தோல் கட்டிய மிருதங்கமும் நம் ஊர்க் காற்றின் ஈரம் ஏறி இறங்குவதை ரொம்ப நாள் தாங்கா. பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பது எதுவும் போடாததைவிடக் கெடுதல். ஏற்ற இறக்கம்தான் மரத்தை வெடிக்கவைக்கும். ஏசி கட்டுப்படியாகாது என்றால் கனமான சுவர், நிழல், காற்றோட்டம், வெயில் நேராக விழாத அறை இவை போதும். வாசிக்காமல் வைக்கும் கருவியின் தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி வைக்கவேண்டும். பொருளோடு அதைச் செய்தவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான ஒரு நாகஸ்வரத்தைப் பெட்டியில் வைத்தால் பார்ப்பவர் அரை நிமிடத்தில் நகர்ந்துவிடுவார். பக்கத்தில் ஆச்சா மரத்துண்டு, பாதி கடைந்த உடல், துளையிடும் கருவி, சீவாளி கட்டும் நாணல் எல்லாம் இருந்தால் அரை மணி நேரம் நிற்பார். செய்பவரே மாதம் ஒருநாள் வந்து உட்கார்ந்து செய்து காட்டினால் ஊரே வரும். அவருக்கு அன்றைய கூலியைத் தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்; பொன்னாடை வேண்டாம்.

நான் ரொம்பக் கவலைப்படுவது நாடாக்களைப் பற்றி. மரக் கருவி ஐம்பது வருடம் பரணில் கிடந்தாலும் ஏதாவது மிஞ்சும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கோவில் கச்சேரிகளை, நாடகங்களை, கல்யாண மேளங்களைப் பதிவு செய்த ஸ்பூல்களும் கேசட்டுகளும் அப்படி இல்லை. ஈரத்தை உறிஞ்சி நாடாவின் பூச்சு பிசுபிசுக்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. ஓட்டிப் பார்க்கும் கருவியைப் பழுதுபார்ப்பவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். பூஞ்சை பிடித்ததைச் சும்மா போட்டுப் பார்க்காதீர்கள், உரிந்து வந்துவிடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். கணினிக்கு மாற்றும்போது எம்பி3 ஆக மாற்றி நிறுத்திவிடாமல், சுருக்காத கோப்பாக, உலக ஆவணக் காப்பகங்கள் கைக்கொள்ளும் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் வையுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். இதற்குக் கட்டடம் தேவையில்லை, ஒரு மேசை போதும். ஆகவே ஒரு கல்லும் வைப்பதற்கு முன்னால் இதைத் தொடங்கிவிடலாம்.

பதிந்ததைப் போட்டுக் காட்டலாமா என்பது தனிக் கேள்வி. இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை அது வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுக்கு இருக்கிறது. பாட்டை இயற்றியவரின் உரிமை அவர் காலமான பின் 60 ஆண்டு. பழைய கிராமபோன் தட்டுகள் பலவற்றுக்குக் காலம் கடந்துவிட்டது. வெளியிடப்படாத வீட்டுப் பதிவுகளுக்குக் குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஸ்டாக்ஸ் கதையில் ஒரு ஒப்பந்தப் பிரிவைப் படிக்காமல் கையெழுத்திட்டதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று மேலே பார்த்தோம்.

கடிதம் எழுதிய எல்லாருக்கும் என் பதில் இதுதான். வரைபடத்தை மடித்து வையுங்கள். ஊரில் இசை கற்றுத்தரத் தயாராக இருக்கும் ஒருவரையும், கற்றுக்கொள்ள வரும் பத்துப் பிள்ளைகளையும், வாரத்தில் இரண்டு நாள் திறந்து கொடுக்கும் ஒரு பள்ளி அறையையும் முதலில் தேடுங்கள். கூடவே நாடாக்களை மாற்றும் மேசையைப் போடுங்கள், பதிவேட்டின் முதல் பக்கத்தை எழுதுங்கள். மூன்று வருடம் இது நின்றால் அருங்காட்சியகத்துக்கு இடம் தருகிறேன் என்று ஊரில் யாராவது தானாகவே வருவார்கள். வராவிட்டாலும் பத்துப் பிள்ளைகள் பாடுவார்கள், பழைய பதிவுகள் பிழைத்திருக்கும். கட்டடம் கடைசியில் வரட்டும்.

எல்லா வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இசைக்கருவி செய்பவர், பழுது பார்ப்பவர் யார் இருக்கிறார், யார் வீட்டில் பழைய ஸ்பூல்களோ கச்சேரி நோட்டீஸ்களோ நாடக நோட்டுப் புத்தகங்களோ இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். ஊர்வாரியாகப் பிரித்து, அருங்காட்சியக ஆசையோடு எழுதிய அந்தந்த ஊர் வாசகர்களிடம் சேர்க்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்